துண்டுப் பிரசுரம் எழுதினவங்க வரலாறு: நம்ம டர்பன் பி. எஸ். அய்யருக்கு அதுல எந்த இடம்?

கிரே ஸ்ட்ரீட் வாசகன்:
எல்லாருக்கும் வணக்கம். பிரசுரம்னு பேச்செடுத்தாலே இந்த ஊர்ல காந்தியோட பச்சைப் பிரசுரம் ஒண்ணுதான் எல்லார் வாயிலயும் வருது, அதோட கதை முடிஞ்சு போகுது. பி. எஸ். அய்யர்னு நம்ம தமிழ் ஆளு ஒருத்தர் தென்னாப்பிரிக்காவுல இந்த டர்பன்ல உக்காந்து வருஷக்கணக்கா எழுதியிருக்காரு, 1908ல ஆப்பிரிக்கன் க்ரானிக்கிள்னு இங்கிலீஷும் தமிழும் கலந்து வாரப் பத்திரிகை ஆரம்பிச்சு நடத்தினாரு, ஒப்பந்தம் முடிஞ்ச தோட்டக் கூலி ஜனத்து மேல போட்ட மூணு பவுன் வரிய எதிர்த்து 1911லயே ஆள் சேர்த்துக் கூட்டம் போட்டாரு, 1920கள்லயும் எழுதறத நிறுத்தல, ஆனா நம்ம புள்ளைங்க கிட்ட பேர் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. இது எனக்கு ரொம்ப மனசு வலிக்குது. உலகத்துல பிரசுரம் எழுதினவங்கன்னு ஒரு பெரிய வரிசை இருக்கு, தாமஸ் பெயின், டீஃபோ, லூதர்னு. அந்த வரிசையில அய்யர நிக்க வெக்கணும்னு நான் சொல்றேன்.

என் கட்சி இதுதான்: புத்தகம் போட காசில்லாதவன், பெரிய பத்திரிகை உள்ள விடாதவன், ஓட்டு இல்லாதவன், இவங்க கையில இருந்த ஒரே சாமான் இந்த நாலு தாள். நீங்க என்ன சொல்றீங்க?

மேரிட்ஸ்பர்க் அச்சுக்காரன்:
நல்ல இழை தம்பி. நான் அச்சுத் தொழில்ல இருந்தவன், அதனால எழுதினவங்கள விட்டுட்டு தாளப் பத்திப் பேசறேன். ஒரு பெரிய தாள எடுத்து ரெண்டு பக்கமும் அடிச்சு ரெண்டு தடவ மடிச்சா 8 பக்கம் வரும். பைண்டிங் கிடையாது, அட்டை கிடையாது, ஓரத்துல ஊசி நூல் போட்டு ஒரு தையல், அவ்வளவுதான். ராத்திரி அச்சுக்கோத்தா மறுநாள் தெருவுல வித்துடலாம். புத்தகம்னா மாசக்கணக்குல காசு முடங்கும், இதுல முடங்காது, அதனாலதான் சின்ன அச்சுக்கூடக்காரங்க துணிஞ்சு இறங்கினாங்க. லூதர் 1520ல ஜெர்மன் பிரபுக்களுக்கு எழுதின பிரசுரம் முதல் பதிப்பே 4000 பிரதி, கொஞ்ச நாள்ல காலி. லத்தீன்ல எழுதியிருந்தா பாதிரிமாரோட போயிருக்கும், அவரு சந்தையில பேசற ஜெர்மன்ல எழுதினாரு.

இங்கிலாந்துல 1640கள்ல ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை வந்தப்போ தணிக்கை உடைஞ்சு போச்சு, உடனே பிரசுரம் மழையாக் கொட்டிச்சு. லண்டன்ல ஜார்ஜ் தாமசன்னு ஒரு புத்தகக் கடைக்காரர் 1640ல இருந்து 1661 வரைக்கும் கைக்குக் கிடைச்சத எல்லாம் சேத்து வெச்சாரு, 22,000க்கு மேல. பலதுல கைக்கு வந்த தேதிய அவரே பேனாவுல எழுதி வெச்சிருக்காரு. அந்த மனுஷன் மெனக்கெடலைன்னா அதுல பெரும்பாலானது மீன் பொட்டலம் கட்டப் போயிருக்கும்.

இன்னொண்ணு, எழுதினவன் தப்பிச்சுக்குவான், அச்சடிச்சவன்தான் மாட்டுவான். அயர்லாந்துல 1724ல ஸ்விஃப்ட் ஒரு துணிக்கடைக்காரர் எழுதற மாதிரி பேர மறைச்சு செப்புக் காசு விவகாரத்த எழுதினாரு, அரசாங்கம் எழுதினவனக் காட்டிக்கொடுத்தா 300 பவுன்னு அறிவிச்சுது. டப்ளின்ல பாதி ஊருக்கு யாருன்னு தெரியும், ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஆனா அச்சடிச்ச ஜான் ஹார்டிங் ஜெயிலுக்குப் போனாரு. அய்யர் விஷயத்துல ஒண்ணு கவனிங்க, அவரே எழுதி அவரே அச்சடிச்சு வெளியிட்டவரு. அடி வந்தா மறைஞ்சுக்க இடம் இல்லாத ஆளு அவரு.

ஜோபர்க் நெல்லைத்தம்பி:
நான் திருநெல்வேலில இருந்து வேலைக்கு வந்தவன், மூணு நாலு வருஷம் ஆவுது, இங்க வரலாறு இப்பதான் படிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு சந்தேகம் அண்ணே. பிரசுரம்னா ஏதோ புனிதமான பொருள் மாதிரி பேசறீங்க. ஆனா பொய்யும் இதே தாள்லதான வந்துச்சு? சூனியக்காரின்னு சொல்லிப் பொம்பளைங்களக் கொளுத்தினதும் பிரசுரம் போட்டுத்தான் பரவிச்சு, அதே லூதர் 1543ல யூதர்களப் பத்தி எழுதினது படிக்கவே முடியாது, அவங்க ஜெபக்கூடத்தக் கொளுத்துங்க, வீட்ட இடிங்கன்னு எழுதியிருக்காரு. இன்னைக்கு வாட்ஸ்ஆப்ல வர்ற ஃபார்வர்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

கிரே ஸ்ட்ரீட் வாசகன்:
தம்பி, கேள்வி நியாயமானது, நான் மறுக்கல. ஆனா வித்தியாசம் இருக்கு, அது நம்ம டர்பன் துறைமுகத்துலயே நடந்து காட்டின விஷயம்.

காந்தி 1896 ஆகஸ்ட்ல ராஜ்கோட்ல, தென்னாப்பிரிக்க இந்தியர்களோட கஷ்டத்தப் பத்தின பச்சைப் பிரசுரத்த வெளியிட்டாரு, அட்டை பச்சையா இருந்ததால அந்தப் பேரு. 10,000 பிரதி. அத்தனையையும் தாள்ல சுத்தி விலாசம் ஒட்டி தபால்ல போடணும், கூலிக்கு ஆள் வெச்சா கட்டுபடியாகாது. தெருவுல இருந்த பசங்கள எல்லாம் கூப்பிட்டு ஸ்கூல் இல்லாத காலை நேரத்துல ரெண்டு மூணு மணி நேரம் வந்து வேலை செய்யுங்கன்னு கேட்டாரு, கூலியா அவரு சேத்து வெச்சிருந்த பழைய ஸ்டாம்ப்பக் குடுத்தாரு. பசங்க சீக்கிரமே முடிச்சுட்டாங்க. அந்தப் பிரசுரத்துல இருந்தது பெரும்பாலும் அவரு டர்பன் இருக்கற நேட்டால்லயே முன்னாடி எழுதினதுதான், சொல்லப்போனா அத விட அடக்கமாத்தான் எழுதியிருந்தாரு.

அப்புறம் நடந்தது பாருங்க. ராய்ட்டர் செய்தி நிறுவனம் அத சுருக்கி லண்டனுக்குத் தந்தி அடிச்சுது, லண்டன் ஆபீஸ் அந்தச் சுருக்கத்த இன்னும் சுருக்கி நேட்டாலுக்கு அடிச்சுது. மூணு வரி. நேட்டால்ல இந்தியர்களக் கொள்ளையடிக்கறாங்க, அடிக்கறாங்க, மிருகம் மாதிரி நடத்தறாங்கன்னு பிரசுரம் சொல்லுதாம், இதுதான் அந்த மூணு வரி. பிரசுரத்தப் படிச்சவன் இங்க ஒருத்தன் இல்ல, மூணு வரியப் படிச்சவன்தான் அத்தனை பேரும். டிசம்பர்ல காந்தி திரும்பி வந்த கூர்லாண்ட், கூட வந்த நாதேரி ரெண்டு கப்பலும் டர்பன் வந்து சேந்தப்போ பிளேக்ன்னு சொல்லி வாரக்கணக்குல கடல்லயே நிறுத்தினாங்க, 1897 ஜனவரி 13ந் தேதி காந்தி இறங்கினதும் கல்லும் அழுகின முட்டையும் பறந்துச்சு. போலீஸ் சூப்பரிண்டண்ட் அலெக்ஸாண்டரோட சம்சாரம் குடைய விரிச்சு நடுவுல வந்து நிக்கலைன்னா ஆள் மிஞ்சியிருக்க மாட்டாரு.

நீ சொல்ற ஃபார்வர்டு அந்த மூணு வரி தந்திதான். அதுல கேக்க முடியாது, திருப்பிப் படிக்க முடியாது, யாரு சொன்னதுன்னு தெரியாது. பிரசுரத்துல ஒரு ஆளு 20, 30 பக்கம் நின்னு வாதாடறாரு, பதில் சொல்ல நினைக்கறவன் இன்னொரு பிரசுரம் போடலாம்.

ஜோபர்க் நெல்லைத்தம்பி:
பேர் போடாம வர்ற பிரசுரம்? பெயின் 1776ல அமெரிக்க சுதந்திரத்துக்காகப் போட்ட காமன் சென்ஸ் பிரசுரத்தோட முதல் பதிப்புல பேரே இல்லையே. அப்ப அதுல மட்டும் யாரு சொன்னதுன்னு எப்படித் தெரியும்?

கிரே ஸ்ட்ரீட் வாசகன்:
அது சரியான அடி. அதுக்கு முழுசா பதில் என்கிட்ட இல்ல, யோசிக்கறேன்.

சாட்ஸ்வொர்த் டீச்சர்:
பெயின் பேரு வந்துடுச்சு, அதனால சொல்றேன். ஒருத்தரும் அவரு முன்னாடி என்ன வேலை பாத்தாருன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. பொம்பளைங்க இடுப்புக் கச்சை தைக்கற தொழிலு, அப்புறம் எக்சைஸ் ஆபீஸ்ல வேலை, ரெண்டு தடவ நீக்கினாங்க. அவரோட முதல் பிரசுரம் 1772ல வந்தது, சுதந்திரத்தப் பத்தி இல்ல, எக்சைஸ்காரங்களுக்குச் சம்பளம் பத்தலைன்னு எழுதினது! 1774 கடைசில அமெரிக்கா போய் இறங்கினாரு, 14 மாசத்துக்குள்ள 47 பக்கத்துல ஒரு நாட்டையே பேச வெச்சாரு. லாபத்துல தன் பங்க கனடாப் பக்கம் பனியில சண்டை போடற சிப்பாய்களுக்குக் கம்பளிக் கையுறை வாங்கக் குடுக்கச் சொன்னாரு, அச்சுக்காரன் லாபமே இல்லைன்னு கைய விரிச்சுட்டான், ரெண்டு பேரும் பேப்பர்லயே சண்டை போட்டாங்க.

வாசகன் தம்பி, உங்க கட்சில பொம்பளைங்களக் காணோம். 1523ல பவேரியால ஆர்குலா ஃபான் க்ரும்பாக்ன்னு ஒரு அம்மா. இங்கோல்ஸ்டாட் யுனிவர்சிட்டில ஒரு சின்னப் பையன லூதர் கருத்து பேசினதுக்காக மிரட்டி வாபஸ் வாங்க வெச்சாங்க. அந்தம்மா யுனிவர்சிட்டிக்கே லெட்டர் எழுதினாங்க, என்கூட ஜெர்மன்ல வாதாடுங்க, எனக்கு லத்தீன் தெரியாதுன்னு. அது பிரசுரமா அச்சாகி ஒரு டஜனுக்கு மேல பதிப்பு போச்சு. யுனிவர்சிட்டி ஒரு வார்த்தை பதில் எழுதல. அவங்க வீட்டுக்காரர் வேலையப் பிடுங்கினாங்க. பிரெஞ்சுப் புரட்சில ஒலிம்ப் டி கூஜ், 1791ல பெண் உரிமைப் பிரகடனம் எழுதினவங்க, 1793 நவம்பர்ல தலைய வெட்டினாங்க, குத்தம் சுவரொட்டியும் பிரசுரமும் எழுதினதுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு டேவிட் வாக்கர். பாஸ்டன் துறைமுகத்துக்குப் பக்கத்துல பழைய துணி விக்கற கடை வெச்சிருந்த கறுப்பின மனுஷன். 1829ல அடிமை முறைய எதிர்த்து எழுதி அச்சடிச்சாரு. தெற்கு மாநிலத்துக்குத் தபால்ல போட்டா பிடிச்சுடுவான். கப்பல்காரங்க அவரு கடையில தான் கோட்டு வாங்குவாங்க, கோட்டு உள்துணியப் பிரிச்சு பிரசுரத்த வெச்சுத் தெச்சு அனுப்பினாரு. சவன்னா போய்ச் சேந்துச்சு, வில்மிங்டன் போய்ச் சேந்துச்சு. ஜார்ஜியாவுல உடனே சட்டம் போட்டாங்க. மறு வருஷம் ஆகஸ்ட்ல வாக்கர் செத்துட்டாரு. நாமும் கப்பல்ல வந்த ஜனம், அதனால இந்தக் கதை எனக்கு ரொம்ப நெருக்கமா இருக்கு.

வெருலம் தாத்தா:
எல்லாரும் நல்லா எழுதறீங்க, சந்தோஷம். ஆனா அய்யர் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். மூணு பவுன் வரி பேப்பரால போகல. எங்க தாத்தா காலத்துச் சங்கதி இது, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

1895 சட்டம். கிர்மிட், அதாவது கூலி ஒப்பந்தம், முடிஞ்சவன் திரும்பக் கையெழுத்துப் போடணும், இல்ல ஊருக்குக் கப்பலேறணும், ரெண்டும் இல்லைன்னா வருஷம் மூணு பவுன். முதல்ல 25 பவுன்னு கேட்டானுங்க, இந்தியா சர்க்கார் குறைச்சு மூணாக்கினான். அப்புறம் 16 வயசுப் பையன், 13 வயசுப் பொண்ணு வரைக்கும் நீட்டினானுங்க. நாலு பேர் குடும்பத்துக்கு 12 பவுன், வேலை செய்யறவனுக்கு மாசம் 14 ஷில்லிங் வந்தாலே பெருசு. கணக்குப் போட்டுப் பாருங்க, 20 ஷில்லிங் ஒரு பவுன், முழு வருஷச் சம்பளமும் சேத்தாலே ஒன்பது பவுன் கூட வராது. அதனாலதான் ஜனம் மறுபடி மறுபடி தோட்டத்துக்கே கையெழுத்துப் போட்டுச்சு, சட்டத்தோட நோக்கமே அதுதான்.

1913 அக்டோபர்ல ட்ரான்ஸ்வால்ல இருந்து 11 பொம்பளைங்க, பெரும்பாலும் தமிழ்ப் பொம்பளைங்க, நியூகாசில் சுரங்கத்துக்குப் போய் ஆளுங்க கிட்ட நேர்ல பேசினாங்க. காந்தியோட கூட்டாளி தம்பி நாயுடு பேசினாரு. ஜனம் வேலைய விட்டு எழுந்துச்சு, அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கும் பரவிச்சு. அந்த ஜனத்துல பாதிக்கு மேல படிக்கத் தெரியாதவங்க. வாய்ச்சொல்லுக்கு எழுந்த கூட்டம் அது. 1914ல வரி போச்சு. அய்யர் காந்தியோட ஒத்துப்போகல, பேப்பர்ல திட்டி எழுதினாரு. அத மறந்துட்டு அவரத் தலைல தூக்கி வெக்காதீங்க.

கிரே ஸ்ட்ரீட் வாசகன்:
தாத்தா, நீங்க சொன்ன ஒரு எழுத்தையும் நான் மறுக்கல. ஆனா தேதியப் பாருங்க. காந்தி மூணு பவுன் வரிய சத்தியாக்கிரகக் கோரிக்கையில சேத்தது 1913 செப்டம்பர்ல. அய்யர் 1911லயே இதத்தான் முதல் பிரச்சனைன்னு எழுதிக்கிட்டு இருந்தாரு. அந்த ரெண்டு வருஷம் அந்தப் பேச்ச அணையாம வெச்சிருந்தது யாரு?

இன்னொண்ணும் இருக்கு. காந்தி தரப்புப் பத்திரிகை இந்தியன் ஒப்பீனியன் 1903 ஜூன்ல ஆரம்பிச்சப்போ குஜராத்தி, ஹிந்தி, தமிழ், இங்கிலீஷ் நாலும் இருந்துச்சு. 1906ல தமிழும் ஹிந்தியும் நின்னுச்சு, எழுதவும் அச்சுக்கோக்கவும் ஆள் கிடைக்கல. கிர்மிட் ஜனத்துல பெரிய பங்கு தமிழு, தெலுங்கு. அவங்க பாஷையில அந்தப் பத்திரிகை பேசறத நிறுத்தின ரெண்டு வருஷத்துல தமிழ எடுத்துக்கிட்டு வந்தவரு அய்யர். காந்தியோட சண்டை போட்டாருங்கறதுக்காக இத மறைக்கறது நியாயம் இல்ல. சண்டை போடறதுதான பிரசுரக்காரன் வேலை.

படிக்கத் தெரியாத ஜனம்னு சொன்னீங்க, அது உண்மை. ஆனா ஒருத்தன் படிச்சா சுத்தி உக்காந்து பத்து பேர் கேப்பாங்க, பிரசுரம் எந்த நாட்டுலயும் அப்படித்தான் ஓடிச்சு.

ஜோபர்க் நெல்லைத்தம்பி:
ஊர்ல இருந்து ஒரு தகவல். நம்மாளுங்களுக்குப் பிரசுரச் சண்டை புதுசு இல்ல. யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலர் 1854ல சைவ தூஷண பரிகாரம்னு போட்டாரு, மிஷனரிங்க இலவசமாக் குடுத்த பிரசுரத்துக்கு அதே பாணில, அவங்க வேதத்துல இருந்தே மேற்கோள் எடுத்துக் குடுத்த பதிலு. அவங்க கிட்டயே வேலை பாத்து பைபிள் மொழிபெயர்ப்புல உதவி பண்ணின ஆளு, அதனால அந்தத் தொழில் முழுசும் அவருக்கு அத்துப்படி. அப்புறம் வள்ளலார் பாட்டு அருட்பாவா இல்லையான்னு ரெண்டு பக்கமும் வருஷக்கணக்குல கண்டனமும் மறுப்பும் போட்டுக்கிட்டாங்க.

பாரதிக்கும் இதுல இடம் இருக்கு. 1907ல அவரோட மூணு பாட்டு, நாலு பக்கப் பிரசுரமா 15,000 பிரதி இலவசமாப் போச்சு. அச்சடிச்சுக் குடுத்தது வி. கிருஷ்ணசாமி அய்யர். மிதவாதி! அரசியல்ல பாரதிக்கு நேர் எதிர்க் கட்சி, பாட்டு கேட்டு மனசு இளகிப் பண்ணினாரு.

காந்தி பச்சைப் பிரசுரமும் எங்க பக்கம் வந்துச்சே, 1896 அக்டோபர் 26 மெட்ராஸ் பச்சையப்பன் மண்டபத்துல கூட்டம். இங்க டர்பன்ல முதலாளி அடிச்சுப் பல்லு உடைஞ்ச பாலசுந்தரம் நம்ம தமிழ் ஆளு, அந்தக் கதையக் கேட்டு கூட்டமே கொதிச்சுது, முடிஞ்சதும் பிரசுரத்துக்கு அடிதடி. இன்னொரு 10,000 அச்சடிச்சாரு.

மேரிட்ஸ்பர்க் அச்சுக்காரன்:
எங்க ஊர்க் கேஸ் ஒண்ணு. 1919ல மேரிட்ஸ்பர்க்ல ஐவன் ஜோன்ஸ், க்ரீன்னு ரெண்டு வெள்ளைக்காரங்க இங்கிலீஷ்லயும் ஜூலுலயும் ஒரு நோட்டீஸ் போட்டாங்க, போல்ஷ்விக்குகள் வர்றாங்கன்னு. கோர்ட்டுல தண்டனை, அப்பீல்ல ரத்து. சர்க்காரக் கலக்கினது எதுன்னு நினைக்கறீங்க, ஜூலு பக்கம்தான். இங்கிலீஷ்ல மட்டும் இருந்தா குப்பையில போட்டிருப்பான்.

அப்புறம் 1946ல, இந்தியர்கள் எங்க நிலம் வாங்கலாம், குடியிருக்கலாம்னு கட்டுப்படுத்தின கெட்டோ சட்டத்த எதிர்த்து, மாண்டி நாயக்கர் தலைவரா இருந்த காலத்துல நேட்டால் இந்தியக் காங்கிரஸ் ஆளுங்க ஃப்ளாஷ்னு ஒரு செய்தித் தாளு விட்டுக்கிட்டே இருந்தாங்க, அன்னைக்கு யாரு சட்டத்த மீற அம்பிலோ ரோட்டுத் திடலுக்குப் போனாங்க, யாரு ஜெயிலுக்குப் போனாங்கன்னு. 1970 ஆகஸ்ட்ல டர்பன் உட்பட பல ஊர்ல தெருவுல வெச்ச பக்கெட் வெடிச்சு தடை செஞ்ச ஏஎன்சி (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) நோட்டீஸ் ஆகாசத்துல பறந்துச்சு, வெளிநாட்டுல இருந்து வந்த சின்னப் பசங்க வெச்சுட்டுப் போனது. 1978ல டிம் ஜென்கினுக்கு அதே வேலைக்கு 12 வருஷம்.

அகமது திமோல மறக்கவே கூடாது. வாத்தியார். 1971 அக்டோபர் 22, ரோட்டுல போலீஸ் கார நிறுத்தி டிக்கியத் திறந்தா தடை செஞ்ச பிரசுரம். அஞ்சு நாள் கழிச்சு ஜோபர்க் போலீஸ் தலைமையகம் ஜான் வோர்ஸ்டர் ஸ்கொயர் மாடியில இருந்து விழுந்து செத்தாரு, தற்கொலைன்னு எழுதி மூடினாங்க. 2017லதான் கோர்ட்டு அது கொலைன்னு சொல்லுச்சு. 46 வருஷம். தாள் வெச்சிருந்த குத்தம்.

சாட்ஸ்வொர்த் டீச்சர்:
திமோல் பேரப் படிச்சதும் கை நடுங்குது ஐயா.

1984 ஆகஸ்ட்ல முச்சபை எலக்‌ஷன் (வெள்ளைக்காரங்க, கலப்பினத்தவங்க, இந்தியர்னு தனித்தனி சபை, கறுப்பினத்தவங்களுக்கு இடமே இல்ல) வந்தப்போ ஓட்டுப் போடாதீங்கன்னு சாட்ஸ்வொர்த்ல வீடு வீடா நோட்டீஸ் குடுத்தவங்கள்ல நானும் ஒருத்தி. சைக்ளோஸ்டைல் மெஷின் ஒரு வீட்டுப் பின்கட்டுல. டைப்ரைட்டர்ல ரிப்பனத் தூக்கி விட்டுட்டு வெறும் அச்சு மெழுகுத் தாள்ல படணும், ரொம்ப அழுத்தினா ஓ எழுத்து நடுவுல வட்டமா பிஞ்சு விழுந்துடும், அப்புறம் அடிச்சா கறுப்புப் பொட்டு. தமிழ் டைப்ரைட்டர் இல்ல, அதனால பெரியவங்களுக்காக கீழ ரெண்டு வரி தமிழ ஊசிப் பேனாவால மெழுகுத் தாள்ல கையாலயே கீறுவோம். சுழியெல்லாம் கிழியாம எழுதறது பெரும்பாடு, ன போட்டு முடிக்கறதுக்குள்ள தாள் பிஞ்சுடும். மை நகத்துக்குள்ள ஏறினா போகாது, போலீஸ் கையத்தான் பாப்பான்னு சொல்லி மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுத் தேச்சுக்கிட்டே இருப்போம். வேலை முடிஞ்சதும் மெழுகுத் தாள எரிச்சுடணும், டைப் எழுத்த வெச்சு மெஷினக் கண்டுபிடிச்சுடுவான்.

நெல்லைத்தம்பி கேட்டதுக்கு என் பதில் இதுல இருக்கு. எங்க நோட்டீஸ்ல எழுதினவங்க பேரு இல்ல. ஆனா கதவத் தட்டி முகத்தக் காட்டித்தான் குடுத்தோம். உள்ள கூப்பிட்டு டீ குடுத்தவங்களும் உண்டு, திட்டி விரட்டினவங்களும் உண்டு, ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல நாங்க அங்கயே நின்னோம்.

ஜோபர்க் நெல்லைத்தம்பி:
டீச்சர், இது எனக்குப் போதும். நான் கேட்டத வாபஸ் வாங்கல, பேரில்லாத தாள் ஆபத்துதான், ஆனா கொண்டு வந்து குடுக்கற ஆளு இருக்கறதும் இல்லாததும் பெரிய வித்தியாசம், அத நான் யோசிக்கவே இல்ல.

கிரே ஸ்ட்ரீட் வாசகன்:
டீச்சர் அந்த நோட்டீஸ் ஒண்ணாவது கையில இருக்கா? காந்தியோட ஃபீனிக்ஸ் ஆசிரமம் 1985 கலவரத்துல எரிஞ்சப்போ எவ்வளவு போச்சுன்னு நமக்குத் தெரியும். தாமசன் மாதிரி சேத்து வெச்ச ஆளு நம்ம கிட்ட கம்மி. வீட்டுல பழைய பெட்டி இருக்கறவங்க தயவு செஞ்சு பாருங்க, கோயில் நோட்டீஸ், சங்க அறிக்கை, தமிழ்ப் பள்ளிக்கூட வசூல் துண்டு எதுவா இருந்தாலும் சரி. ரெண்டு பக்கமும் படம் எடுங்க, அடியில பொடி எழுத்துல அச்சுக்கூடம் பேரு இருக்கும், அது கட்டாயம் தெரியணும், பல நேரத்துல தேதி கண்டுபிடிக்க அது ஒண்ணுதான் வழி. மேல ஒட்டின செலோடேப்ப உரிக்காதீங்க. குவாஜூலு-நேட்டால் யுனிவர்சிட்டியோட வெஸ்ட்வில் கேம்பஸ்ல காந்தி லுத்துலி ஆவண மையம் இருக்கு, குடுக்க விருப்பம் இருக்கறவங்க அங்க போய்ப் பேசலாம், குடுக்க மனசில்லைன்னா ஸ்கேன் மட்டும் இங்க போடுங்க.

வெருலம் தாத்தா:
எங்க வீட்டுல அப்பாவோட டிரங்குப் பெட்டி ஒண்ணு இருக்கு, மருமகள விட்டுத் திறக்கச் சொல்றேன். தமிழ்த் தாளு கொஞ்சம் கிடக்குறது எனக்கு ஞாபகம் இருக்கு, எந்த வருஷத்ததுன்னு பாத்துட்டுச் சொல்றேன். அய்யர் விஷயத்துல நான் சொன்னதுல மாத்தம் இல்ல. அந்தப் பெட்டியில க்ரானிக்கிள் இருந்தா அதையும் போடறேன், படிச்சுட்டுச் சண்டை போடலாம்.